உட்கிடைக் கிராமங்கள்: திருப்போரூர்க் கடலோரத்தில் ஊராட்சி எல்லையும் வாழிட எல்லையும்

தமிழ்நாட்டில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்ற கேள்விக்கு அரசு ஆவணங்கள் ஒரே விடையைத் தருவதில்லை. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 15,979 கிராமங்களைப் பட்டியலிடுகிறது. ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கில் கிராம ஊராட்சிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 12,500. அதே துறை மக்கள் கூடி வாழும் குடியிருப்புகளை எண்ணும்போது தொகை 79,000க்கும் மேலே செல்கிறது. ஓர் ஊராட்சிக்குள் சராசரியாக ஆறு குடியிருப்புகளுக்கு மேல் அடங்குகின்றன என்பதும், அவற்றுள் ஒன்றின் பெயரே பெரும்பாலும் ஊராட்சிக்கு வாய்க்கிறது என்பதும், ஏனையவை தமக்கென அலுவலகமோ தலைவரோ எல்லைக்கல்லோ இல்லாமல் அடுத்த ஊரின் பெயருக்குள் ஒடுங்கியிருக்கின்றன என்பதும் இந்த எண்களிலிருந்து தெரிய வருகின்றன. வருவாய்த் துறை இத்தகைய ஊர்களை உட்கிடைக் கிராமம் என்றும், அவற்றைத் தன்னுள் கொண்ட ஊரைத் தாய்க்கிராமம் என்றும் குறிப்பிடுகிறது. பழைய பதிவேடுகளில் மஜரா என்ற சொல்லும் பொதுவழக்கில் குக்கிராமம் என்ற சொல்லும் இதே பொருளில் வழங்குகின்றன.

ஓர் ஊர் தாய்க்கிராமமாகவும் அதன் பக்கத்து ஊர் உட்கிடையாகவும் ஆனதற்கான காரணத்தை மக்கள்தொகையில் மட்டும் தேடினால் விடை கிடைப்பதில்லை. பழமையில் தேடினாலும் கிடைப்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் திருப்போரூரும், அதற்குக் கிழக்கே கோவளம் முதல் மாமல்லபுரம் வரை நீளும் கடலோரமும் இக்காரணத்தை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகின்றன. இவ்வட்டாரத்தில் கிராமத்தின் எல்லை, வரி செலுத்திய விளைநிலத்தைச் சுற்றியே வகுக்கப்பட்டது. அந்நிலத்தில் உரிமை இல்லாமல் கூலி உழைப்பையோ கடலையோ புதர்க்காட்டையோ நம்பி வாழ்ந்தவர்களின் குடியிருப்புகள் அந்த எல்லைக்குள் துணைப்பெயர்களாக மட்டுமே பதிவாயின. சென்னையின் விரிவாக்கம் இவ்வட்டாரத்தை எட்டியுள்ள இக்காலத்தில், யாருடைய இடம் ஆவணத்தில் தெரிகிறது, யாருடையது தெரிவதில்லை என்பதை அந்தப் பழைய ஏற்பாடே பெரிதும் முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

மூன்று எல்லைகள்

வருவாய்க் கிராமம், கிராம ஊராட்சி, குடியிருப்பு என்னும் மூன்றும் வெவ்வேறு நோக்கங்களுக்காகப் பிறந்த அலகுகள். வருவாய்க் கிராமம் என்பது நிலஅளவை செய்யப்பட்டு, புல எண்கள் இடப்பட்டு, தனக்கென நிலக்கணக்கு வைக்கப்பட்ட நிலப்பரப்பு. அதில் மனிதர் ஒருவரும் வசிக்காவிட்டாலும் அது கிராமமே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊரகப் பகுதிகளில் இந்த அலகையே பின்பற்றுவதால், ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் இருக்கும் ஐந்து குடியிருப்புகளின் மக்கள் ஒரே தொகையாகக் கூட்டப்பட்டு ஒரே பெயரில் வெளியாகின்றனர். கிராம ஊராட்சி என்பது உள்ளாட்சிச் சட்டத்தால் அமைந்த அலகு. சென்னை மாநிலத்தின் 1950ஆம் ஆண்டுச் சட்டம், 1958ஆம் ஆண்டுச் சட்டம், 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை அடுத்து வந்த 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஆகியவை வழியாக அது உருப்பெற்றபோது, ஏற்கெனவே கையில் இருந்த வருவாய்க் கிராம எல்லைகளே அதற்கும் அடித்தளமாயின. குடியிருப்பு என்பதோ வீடுகள் சேர்ந்திருக்கும் இடம். மக்கள் தம்முடைய ஊர் என்று சொல்லும்போது பெரும்பாலும் சுட்டுவது இதையே.

இத்தகைய நிலை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நகராட்சியாகப் பதிவு பெறாத சிற்றூர்கள் பல்லாயிரம் உள்ளன. அவை மாவட்டத்துக்கு ஒப்பான கவுண்டி நிர்வாகத்தின் கீழ் இயங்குகின்றன. ஆயினும் அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1950 முதல் அத்தகைய ஊர்களுள் பெரியவற்றையாவது தனியே எண்ணத் தொடங்கி, 1980இல் அவற்றுக்கெனத் தனி வகைப்பெயரும் வகுத்துக்கொண்டது. இந்தியாவிலும் இதற்கு ஒரு முன்மாதிரி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளான பழங்குடி வட்டாரங்களுக்கு ஊராட்சி முறையை விரிவாக்கிய 1996ஆம் ஆண்டின் மையச் சட்டம், தன் மரபின்படி தன் காரியங்களை நடத்திக்கொள்ளும் ஒரு குடியிருப்பையோ குக்கிராமத்தையோ கிராமமாகவே ஏற்று, அதற்கெனத் தனிக் கிராம சபைக்கு இடமளிக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாமையால் அந்த வரையறை இங்கே நடைமுறைக்கு வரவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஊர்க்கணக்கு

திருப்போரூர் வட்டாரத்தின் ஊர் அமைப்பை அறிவதற்கு வாய்த்திருக்கும் சான்றுகள் தமிழகத்தின் பிற பகுதிகளுக்கு எளிதில் கிடைக்காதவை. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் உரிமையுடன் கூடிய நிலக்கொடையாக, அளித்தார். அங்கிருந்து என்ன வரும் என்பதை அறிய விரும்பிய கம்பெனி, பொறியாளர் தாமஸ் பர்னார்டைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. ஊர்க் கணக்கர்கள் ஓலைகளில் எழுதிக் கொடுத்த விவரங்களே அந்த ஆய்வுக்கு மூலம். காந்தியச் சிந்தனையாளரும் வரலாற்றாய்வாளருமான தரம்பால் இந்த ஆவணங்களின் சிறப்பை வெளிக்கொணர்ந்தார். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படும் ஓலைகளுள் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்குகளைச் சென்னையிலுள்ள சமுதாயக் கொள்கை ஆய்வு மையம் 2001இல் நூலாகப் பதிப்பித்தது.

இக்கணக்குகள் ஓர் ஊரை இரு வகையில் காட்டுகின்றன. முதலாவது நிலத்தின் பட்டியல்: நஞ்சை, புஞ்சை, ஏரி, குளம், தோப்பு, மேய்க்கால், வீடுகள் அமைந்த நத்தம் என ஒவ்வொன்றின் பரப்பும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளது. இரண்டாவது பங்கீட்டின் பட்டியல்: விளைச்சல் களத்துக்கு வந்ததும், அரசுக்கும் உழவருக்கும் பிரிவதற்கு முன்பாகவே, கோயில், கணக்கர், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், தலையாரி, வெட்டியான், ஏரி மதகைத் திறந்து நீரைப் பங்கிடுபவர் எனப் பலருக்கும் மேரை என்ற பெயரில் தானியப் பங்குகள் ஒதுக்கப்பட்டன, சிலருக்கு வரியில்லா மானிய நிலமும் இருந்தது. ஓர் ஊரின் களத்திலிருந்து அடுத்த ஊரில் வசிப்பவருக்கும், தொலைவிலுள்ள பெருங்கோயிலுக்கும் பங்கு சென்றதால், அக்காலத்து ஊர் தன் எல்லைக்குள் முடங்கிய தனித்தீவாக இருக்கவில்லை என்பதும், பக்கத்துக் குடியிருப்புகளுடன் தானியத்தாலும் தொழிலாலும் பிணைக்கப்பட்டிருந்தது என்பதும் புலனாகின்றன.

இந்தப் பிணைப்பைப் புகழ்ந்து மட்டும் பேசுவது முழுமையாகாது. கணக்கில் யார் எப்படி இடம்பெற்றார் என்பதையும் பார்க்க வேண்டும். நிலத்தின் மேல் மரபுவழிப் பங்குரிமை உடையோர் மிராசுதாரர் எனப்பட்டனர். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் மிராசு உரிமை பற்றி எழுதி 1818இல் அச்சான விளக்கங்கள், மிராசுதாரருக்குக் கீழே உள்குடிப் பாயக்காரி, பரக்குடிப் பாயக்காரி என்ற இருவகைக் குத்தகை உழவர்களை விவரிக்கின்றன. முன்னவர் அதே ஊரில் குடியிருந்து உழுதவர், பின்னவர் வேற்றூரிலிருந்து வந்து உழுதுவிட்டுத் திரும்பியவர். இவர்களுக்கும் கீழே பண்ணையாட்களும் படியாட்களும் இருந்தனர். ஊர் என்பது மிராசுதாரர்களின் நத்தத்தையும் அவர்களின் வயலையும் ஏரியையும் குறித்தது. உழைப்பவர்களின் வீடுகள் அந்த ஊருக்கு உரிய ஓர் உறுப்பாகக் கணக்கில் சேர்ந்தனவேயன்றித் தாமே ஊராகக் கொள்ளப்படவில்லை.

சேரியும் காலனியும்

19ஆம் நூற்றாண்டில் ரயத்துவாரி முறை, அதாவது ஒவ்வொரு நில உடைமையாளரிடமும் அரசு நேரடியாக வரி பெறும் முறை, இம்மாவட்டத்தில் நிலைபெற்று, அளவையும் வரித்திட்டமும் முடிந்தபோது, ஓலையில் இருந்த ஊர் புல எண்களாகவும் எல்லைக் கற்களாகவும் மாறியது. பட்டா பெற்றவரின் பெயர் பதிவேட்டில் ஏறியது. சேரியில் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட வகுப்பினரான கூலித் தொழிலாளர் பெரும்பாலோர் அப்பதிவேட்டுக்கு வெளியே நின்றனர். செங்கல்பட்டின் பொறுப்புக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இந்நிலையை அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. சேரி நின்ற மனையும் மிராசுதாரரின் உரிமைக்கு உட்பட்டதாகக் கருதப்பட்டதால், கூலி உயர்வு கேட்பவரும் புறம்போக்கில் நிலம் கோருபவரும் வீட்டையே இழக்கும் அச்சத்தில் வாழ்ந்தனர் என்பது அவ்வறிக்கையின் சாரங்களுள் ஒன்று. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு வழங்கப்பட்ட நிலங்களே பஞ்சமி நிலங்கள் என்று அறியப்படுகின்றன. முதல் 10 ஆண்டுகள் அவற்றை யாருக்கும் விற்கலாகாது, அதன் பின்னும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது அவற்றின் நிபந்தனை. அந்நிலங்கள் பிறர் கைக்குச் சென்றதை எதிர்த்து ஒரு நூற்றாண்டு கழித்து இதே மாவட்டத்தின் காரணையில் எழுந்த போராட்டமும், 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்ததும், ஆவணத்தில் ஏறிய உரிமையும் காக்கப்படாவிட்டால் நிலைப்பதில்லை என்பதைக் காட்டின.

விடுதலைக்குப் பின் மனை நிலத்தை அரசே கையகப்படுத்தி வழங்கும் முறை பரவியது. அதற்கெனத் தமிழ்நாடு 1978இல் தனிச் சட்டமும் இயற்றியது. தாய்க்கிராமத்தின் பெயரோடு காலனி என்ற ஒட்டுச் சேர்ந்த குடியிருப்புகள் பல இவ்வாறு தோன்றின. மிராசுதாரரின் பிடியிலிருந்து மனையை விடுவித்தது இம்முறையின் பெரும் பயன்; எனினும் ஊர்ப் பெயரில் சாதி வேற்றுமையை நிலைநிறுத்தியது அதன் குறை. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வெளியான அறிவிப்பு அந்தக் குறையை ஏற்றுக்கொண்டது. பெயர் மாறினாலும் சுடுகாடு, பாதை, குளம் ஆகியவை எந்தப் புல எண்ணில், யாருடைய பெயரில் உள்ளன என்ற கேள்வி அப்படியே எஞ்சுகிறது.

கடலோரக் குப்பங்கள்

திருப்போரூரிலிருந்து கிழக்கே நெம்மேலி நோக்கிச் செல்லும் சாலை இவ்வட்டாரத்தின் நில அமைப்பு முழுவதையும் வெட்டிக்கொண்டு செல்கிறது. மேற்கில் ஏரிப் பாசன வயல்கள். அடுத்துப் பழைய மாமல்லபுரம் சாலை. பின்னர்ப் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். அதன் பின் சவுக்குத் தோப்புகள் நின்ற மணல்மேடு. இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையும் கடலும். வயல் உள்ள பகுதியில் கேளம்பாக்கம், தையூர், ஆலத்தூர், சிறுதாவூர், மானாமதி, இள்ளலூர் முதலான ஊர்கள் தத்தம் ஏரியைச் சுற்றி அமைந்திருக்க, கடலோரத்தில் செம்மஞ்சேரிக் குப்பம், நெம்மேலிக் குப்பம், சூளேரிக்காட்டுக் குப்பம், பட்டிப்புலம் குப்பம், சாலவான்குப்பம் என்று மீனவர் ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. இப்பெயர்களுள் பல, உள்நிலத்து ஊரின் பெயரோடு குப்பம் என்ற பின்னொட்டைச் சேர்த்து அமைந்தவை என்பது அவை எந்தக் கண்ணோட்டத்திலிருந்து பதிவாயின என்பதைச் சொல்லிவிடுகிறது. உழவர் ஊரின் பதிவேட்டில் குப்பம் என்பது அவ்வூரின் மணல்மேட்டில் நிற்கும் வீடுகள். மீனவருக்கோ அதுவே முழு ஊர்.

பழமை குறைவு என்பதால் குப்பங்கள் உட்கிடையாயின என்று கொள்வதற்கில்லை என்பதற்குச் சாலவான்குப்பமே போதிய சான்று. மாமல்லபுரத்துக்கு வடக்கேயுள்ள இவ்வூரில் பல்லவர் காலத்து அதிரணசண்டக் குடைவரையும் புலிக்குகையும் உள்ளன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, மணலுக்கடியில் செங்கல் அடித்தளத்துடன் ஒரு முருகன் கோயில் கிடைத்தது; அங்குள்ள கல்வெட்டுகள் இவ்வூரைத் திருவிழிச்சில் என்று குறிப்பிடுகின்றன. தனிப்பெயரும் கோயிலும் கொடைகளும் பெற்றிருந்த ஓர் ஊர், பிற்காலத்தில் குப்பம் என்ற அளவில் பதிவானது, தொன்மையும் ஆவணத் தகுதியும் ஒன்றையொன்று பின்தொடர்வதில்லை என்பதைத் தெளிவாக்குகிறது.

குப்பத்துக்குள் ஆட்சி இல்லாமல் இல்லை. சோழமண்டலக் கடற்கரையில் மீனவச் சமூகமான பட்டினவரின் ஊர்களில் நாட்டார், பஞ்சாயத்தார் என்ற பெயர்களில் ஊர்ப் பெரியோர் அவை அமைகிறது. திருமணமான ஆண்களைத் தலைக்கட்டாகக் கொண்டு வரி தண்டப்படுகிறது. அந்தத் தொகையிலிருந்து கோயில் விழாவும் வழக்குச் செலவும் இறப்புக்கால உதவியும் நடைபெறுகின்றன. கரைவலை இழுக்கும் முறை, குப்பத்தை ஒட்டிய கடற்பரப்பில் எந்த வலையை விடலாம், எதைத் தடுக்கலாம் என்பன போன்றவற்றையும் இந்த அவையே முடிவு செய்து வந்திருக்கிறது. இக்கடற்கரையை நெடுங்காலம் ஆராய்ந்த நெதர்லாந்து அறிஞர் மார்ட்டன் பாவிங்க், அரசின் மீன்பிடிச் சட்டமும் குப்பத்தின் வழக்காறும் ஒரே கடலில் ஒரே நேரத்தில் இயங்குவதை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். அரசு ஊராட்சியின் பார்வையில் ஒரு வார்டாக மட்டும் தெரியும் குப்பம், தன் கடலின் பார்வையில் எல்லையும் சட்டமும் வரியும் உடைய முழு ஊராக இருக்கிறது. ஆயினும் அதன் எல்லையின் பெரும்பகுதி நீரில் அமைந்திருப்பதால், நிலத்தை மட்டும் அளந்த பதிவேட்டில் அதற்கு இடமில்லை.

இருளர் குடியிருப்புகள்

சேரிக்கும் குப்பத்துக்கும் கிடைத்த துணைப்பெயர்கூட இருளர் குடியிருப்புகளுக்குப் பல இடங்களில் கிடைத்ததில்லை. தமிழ்நாட்டில் நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகங்களுள் இருளர் சமூகமும் ஒன்று. ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, தோப்பின் ஓரம், உப்பங்கழியின் மேட்டுநிலம் ஆகியவற்றில் சில குடும்பங்களாக வாழ்ந்து, எலி, பாம்பு, நண்டு, இறால், தேன், மூலிகை ஆகியவற்றைச் சார்ந்திருந்த இவர்களின் வாழ்வு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும் அதையடுத்துப் பாம்புத்தோல் வணிகம் நின்றுபோனதையும் தொடர்ந்து பெரிதும் மாறியது. வடநெம்மேலியில் ராமுலஸ் விட்டேகர் நிறுவிய முதலைப் பண்ணையை ஒட்டி 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம், தோலுக்குப் பதிலாக நஞ்சை எடுத்து, பாம்பை உயிரோடு விட்டுவிடும் தொழிலை உருவாக்கியது. இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிப்பதற்கான நஞ்சின் பெரும்பகுதி இங்கிருந்தே செல்கிறது. இம்மாவட்டத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நாடறிந்த இத்திறனுக்கும் அதை உடையோரின் வாழிடத்துக்கும் இடையே உள்ள முரண் கூர்ந்து நோக்கத்தக்கது. புறம்போக்கில் நிற்கும் வீட்டுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத இடத்தில் மின் இணைப்பும் தொகுப்பு வீடும் பெறுவது கடினம். முகவரி உறுதிப்படாத குடும்பத்துக்குச் சாதிச் சான்றிதழும் எளிதில் வருவதில்லை. ஆண்டுதோறும் மாசி மகத்தையொட்டிப் பல மாவட்டங்களின் இருளர் மாமல்லபுரம் கடற்கரையில் கூடித் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, நிச்சயங்களும் திருமணங்களும் நடத்திக்கொள்கின்றனர். சிதறிய சிறு குடியிருப்புகளாக வாழும் ஒரு சமூகம், உறவையும் வழக்குத் தீர்வையும் நடத்திக்கொள்ளும் பொதுவிடத்தை நிலஎல்லைக்கு வெளியே, ஆண்டின் சில நாட்களில் அமைத்துக்கொள்கிறது என்பதற்கு இக்கூடல் சான்றாகும்.

நெம்மேலியைச் சுற்றிய மாற்றங்கள்

மேற்கண்ட வரலாறு பழங்கதையாக முடிந்துவிடவில்லை என்பதை நெம்மேலிக் கடலோரத்தின் கடந்த இருபது ஆண்டுகள் காட்டுகின்றன. நெம்மேலியைச் சேர்ந்த ஆளவந்தார் நாயகர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறப்பணிகளுக்கும் கோயில் பணிகளுக்குமாக எழுதிவைத்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இக்கடலோரத்தில் பரந்து கிடக்கிறது. அது இன்று இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் உள்ளது. மணல்மேடாக இருந்தவரை பெரிதாக மதிக்கப்படாத இந்நிலம், கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்பட்டதும் விலை ஏறியது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் முதல் நெம்மேலிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம், இந்த அறக்கட்டளையிடமிருந்து குத்தகையாகப் பெற்ற ஏறத்தாழ 40 ஏக்கரில் எழுந்து, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் திறனுடன் 2013 பிப்ரவரியில் செயற்படத் தொடங்கியது. 15 கோடி லிட்டர் திறனுடைய இரண்டாவது நிலையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அருகிலுள்ள பேரூரில் 40 கோடி லிட்டர் திறனுடைய மூன்றாவது நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது.

இந்நிலையங்களின் பயன் தென்சென்னைக்கும் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய புறநகர்க்கும் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் முதல் நிலையத்தை ஒட்டியிருப்பது சூளேரிக்காட்டுக் குப்பம். கடற்கரை அரிப்பையும் வலைவிடும் இடத்தின் இழப்பையும் முன்வைத்து அங்குள்ள மீனவர் முறையிட்டு வந்திருக்கின்றனர். நிலையத்தின் பெயரில் தாய்க்கிராமம் இருக்கிறது. அதன் விளைவுகளோடு நாள்தோறும் வாழும் உட்கிடை இல்லை. நில உரிமையாளர் அறக்கட்டளை, குத்தகைதாரர் வாரியம், அனுமதி வழங்குவோர் மாநில, மைய அமைப்புகள் என்ற வரிசையில், அக்கரையில் படகு நிறுத்துவோரின் உரிமை எந்த ஆவணத்தைக் காட்டி நிறுவப்படும் என்ற கேள்விக்கு நிலப்பதிவேடு விடை தருவதில்லை.

உப்பங்கழிக்கும் இதே நிலை நேரக்கூடும். கோவளம் உபவடிநிலத்தில், திருப்போரூர் வட்டத்தில், 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் ஏறத்தாழ 350 கோடி ரூபாய்ச் செலவில் புதிய நீர்த்தேக்கம் அமைக்கும் திட்டத்தை மாநில அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பதிவேட்டில் நீர்ப்பரப்பாகவும் உப்பளமாகவும் புறம்போக்காகவும் குறிக்கப்பட்ட இப்பகுதி, கையால் இறால் தடவிப் பிடிப்போருக்கும் சிறுவலை வீசுவோருக்கும் விளைநிலத்துக்கு நிகரானது. ஆனால் அவர்களின் பயன்பாடு பட்டாவாக எங்கும் எழுதப்படவில்லை.

நிலமும் நீரும் இவ்வாறு மாறும்போது ஊர்களின் பழைய பிணைப்புகளும் மாறுகின்றன. குப்பத்துப் பெண்கள் மீன்கூடையுடன் உள்நிலத்து ஊர்களுக்கும் திருப்போரூர்ச் சந்தைக்கும் சென்று விற்றுத் திரும்பியதும், அங்குள்ள கந்தசாமி கோயிலின் விழாக்களுக்குச் சுற்றுப்புறக் குடியிருப்புகள் அனைத்தும் திரண்டதும் இப்பிணைப்பின் வெளிப்பாடுகள். கண்ணகப்பட்டு, காலவாக்கம் ஆகிய ஊர்கள் இன்று திருப்போரூர்ப் பேரூராட்சியின் பகுதிகள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. ஒவ்வொரு மறுவரையறையிலும் தாய்க்கிராமத்தின் பெயராவது புதிய பட்டியலுக்குச் செல்கிறது. உட்கிடையின் பெயர் செல்லும் என்பதற்கு உறுதியில்லை.

குடியிருப்பை அரசு கண்டுகொண்ட விதம்

இந்தப் பொருத்தமின்மையை அரசுத் திட்டங்கள் அறவே உணராமல் இருந்ததில்லை. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்பைச் சாலை இணைப்புக்கான அலகாகக் கொண்டு, வருவாய்க் கிராமத்தை அளவுகோலாக்குவதைத் தவிர்த்தது. தமிழ்நாட்டில் 2006 முதல் நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரே அளவான தொகையை ஒதுக்கியது. இரண்டு குடியிருப்புகள் உள்ள ஊராட்சியும் இருபது குடியிருப்புகள் உள்ள ஊராட்சியும் சமமாகப் பெற்றதால், கடைக்கோடிக் குடியிருப்புகளுக்கு எஞ்சியது குறைவாயிற்று. 2011-12இல் தொடங்கிய தமிழ்நாடு கிராமக் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டமான தாய் திட்டம், குடியிருப்புகளின் எண்ணிக்கைக்கேற்ப நிதியைப் பகிர்ந்து இக்குறையைச் சரிசெய்ய முயன்றது. கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட 79,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் என்ற கணக்கு இத்திட்டத்தின் வழியாகவே பரவலாக அறியப்பட்டது.

கடலோரத்தில் இதற்கு இணையான முயற்சி கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகளில் காணப்படுகிறது. 1991ஆம் ஆண்டின் முதல் அறிவிக்கைக்கு மாற்றாக 2011 ஜனவரியில் வந்த அறிவிக்கை, மீனவர் குடியிருப்புகளையும் அவர்களின் பொதுவிடங்களையும் வரைபடத்தில் குறிக்கவும், அவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுக்கவும் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. படகு நிறுத்தும் இடம், வலை உலர்த்தும் மணல், மீன் காயவைக்கும் களம் ஆகியவை வெற்றுப் புறம்போக்கு அல்ல என்று சட்டம் ஏற்றுக்கொண்டதே இதன் முதன்மைச் சிறப்பு. அந்த ஏற்பு இல்லாததால் விளையும் இடர்ப்பாட்டை ஆழிப்பேரலைக்குப் பிந்தைய வீட்டுத் திட்டம் முன்னரே காட்டியிருந்தது: 2005 மார்ச் 30ஆம் நாளைய அரசாணை, கடலின் உயர்அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ளோர் அப்பால் இடம்பெயர்ந்தால் புதிய வீடு பெறலாம் என்றது, அங்கேயே தங்க விரும்புவோருக்கு அரசின் உதவி இல்லை. பாதுகாப்பு நோக்கில் பொருத்தமான இந்த ஏற்பாடு, விட்டுச்செல்லும் கரையின் மேல் குப்பத்துக்கு என்ன உரிமை எஞ்சும் என்பதைத் தெளிவாக்காததால் பல ஊர்களில் தயக்கத்தை எழுப்பியது.

எண்ணும் அலகிலிருந்து உரிமையின் அலகுக்கு

ஒவ்வோர் உட்கிடையையும் தனி ஊராட்சியாக்கிவிடுவதே தீர்வு என்று எளிதாகக் கூறிவிடலாம்; ஆனால் அது நடைமுறைக்கு ஒவ்வாது. மிகச் சிறிய ஊராட்சிக்கு வரி வருவாயும் பணியாளர்களும் போதியளவு அமையமாட்டா. குப்பத்தின் மரபுவழி அவைக்கே முழு அதிகாரத்தையும் தருவதிலும் சிக்கல் உண்டு. அந்த அவைகள் பெரும்பாலும் ஆண்களால் ஆனவை, மீன் விற்பனையைத் தாங்கி நிற்கும் பெண்களுக்கு அவற்றில் இடமில்லை. சட்டப்படியான ஊராட்சியிலோ தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. ஆகவே மரபையும் சட்டத்தையும் எதிரெதிரே நிறுத்தாமல், உட்கிடையின் குரல் கிராம சபை வழியாகவே வலுப்பெறும் முறைகளைத் தேட வேண்டியிருக்கிறது.

அதற்கான வழிகள் ஏற்கெனவே உள்ள ஏற்பாடுகளிலேயே அடங்கியுள்ளன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை நடைபெறும் கிராம சபைக் கூட்டத்தைத் தாய்க்கிராமத்தில் மட்டும் நடத்தாமல் குடியிருப்புகளில் சுழற்சி முறையில் நடத்தலாம்; ஒரு குடியிருப்பின் நிலத்தையோ நீரையோ கரையையோ மாற்றும் திட்டத்துக்கு அக்குடியிருப்பில் கூடும் சபையின் தீர்மானத்தைத் தேவையாக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருவாய்க் கிராமத்தின் மொத்தத் தொகையோடு அதன் குடியிருப்புகளின் தொகையையும் வெளியிட்டால், சேரியும் குப்பமும் இருளர் குடியிருப்பும் எவ்வளவு பெற்றன, எவ்வளவு பெறவில்லை என்பதை எவரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். புல வரைபடத்தில் நத்தத்தோடு வலை உலர்த்தும் இடம், சுடுகாடு, ஏரிக்கரைக் குடியிருப்பு, உப்பங்கழியின் பிடிதலம் ஆகியவற்றையும் பயன்படுத்துவோரின் பெயரால் குறிப்பது, வழக்காற்றை வழக்குமன்றத்தில் காட்டத்தக்க சான்றாக மாற்றும்.

1767இல் தொடங்கிய கணக்கெடுப்பு வரிக்காக எழுதப்பட்டது என்றாலும், களத்தில் பங்குபெறும் ஒவ்வொருவரையும், அவர் அடுத்த ஊரில் வசித்தாலும், பெயரிட்டு எழுதியது; பின்வந்த பதிவேடுகளோ நிலத்தை நுட்பமாக அளந்து, அதைச் சார்ந்து வாழ்ந்தவர்களில் உடைமையாளரை மட்டும் எழுதிக்கொண்டன. சாலைக்காகவும் குடிநீருக்காகவும் குடியிருப்பை எண்ணத் தொடங்கிய இன்றைய அரசு, நிலத்தையும் கடலையும் பற்றிய முடிவுகளிலும் அதே குடியிருப்பை ஒரு தரப்பாக ஏற்றுக்கொள்ளும்வரை, உட்கிடைக் கிராமங்களின் மக்கள் நலத்திட்டங்களின் பயனாளிகளாக இருப்பார்களேயன்றித் தம் ஊரைப் பற்றித் தாமே முடிவு செய்யும் குடிமக்களாக ஆகமாட்டார்கள்.